காஞ்சனபுரி ஒருநாள் பயணம்: பாலம், கல்லறைத் தோட்டம், அப்புறம் நம்மவர்கள் எங்கே?

பயணப்பை எழுதியது:

வேலை விஷயமாக மூன்று மாதம் பாங்காக்கில் இருக்கிறேன். போன ஞாயிறு காஞ்சனபுரிக்குப் போய் அன்றே திரும்பினேன். "சயாம் மரண ரயில்", அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துத் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை, அதைப் பார்க்க ஒரு நாள் போதுமா என்று இங்கே முன்பு சிலர் கேட்டிருந்தீர்கள். போதும், ஆனால் எதையாவது விட வேண்டியிருக்கும். நான் எதை விட்டேன் என்பதே எனக்குத் தெரியாமல்கூட இருக்கலாம்.

தொன்புரி ஸ்டேஷனில் காலை எட்டு மணிக்குச் சற்று முன் வண்டி. நகரின் பெரிய ஸ்டேஷன் இல்லை இது, ஆற்றுக்கு மேற்கே சிரிராஜ் மருத்துவமனைப் பக்கம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரருக்கு எங்கே இறங்கினாலும் 100 பாட். மூன்றாம் வகுப்பு, மின்விசிறி, திறந்த ஜன்னல். வறுத்த கோழி, பழம் என்று கூடை தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். விழுப்புரம் பாசஞ்சரில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. பதினொரு மணி வாக்கில் காஞ்சனபுரி. ஸ்டேஷன் வாசலில் ஒரு காரை மாலை வரை பேசிக்கொண்டேன்.

முதலில் யுத்தக் கல்லறைத் தோட்டம், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். கிட்டத்தட்ட 7,000 பேர்: காமன்வெல்த் நாட்டுக்காரர் ஐயாயிரத்துச் சொச்சம், டச்சுக்காரர் 1,900 பேர் அளவில். சிலுவைக் கற்கள் கிடையாது. முழங்காலுக்குக் கீழே சின்னப் பீடம், அதன்மேல் வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. 23, 24, 22 என்று படித்துக்கொண்டே போனேன், நாலாவது வரிசையில் நிறுத்திவிட்டேன். தகடுகளுக்கு நடுவே பூச்செடி, ஒரு சருகு இல்லை. வாசல் மண்டபத்தில் பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். தாய்லாந்தில் முஸ்லிம் மயானங்களில் புதைக்கப்பட்டவர்கள், அந்தப் புதைகுழிகளைப் பராமரிக்க முடியாமல் போனதால் பெயர் மட்டும் இங்கே.

எதிரிலேயே தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம் என்ற அருங்காட்சியகம். நேரம் இருப்பவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நான் ஐம்பது நிமிடத்தில் ஓடினேன், தப்பு.

அங்கிருந்து முவாங் சிங். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் கெமர் பாணியில் செம்பாறாங்கல்லால் கட்டிய கோயில், மகாயான பௌத்தம், சுற்றிலும் மதில். கல்லின் நிறமும் துளைகளும் நம்மூர்ப் பக்கம் செம்புரைக்கல் வீடு பார்த்தவர்களுக்குப் பழக்கமானவை. கூட்டமே இல்லை.

பிறகு ஹெல்ஃபயர் பாஸ், அந்த ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டிய இடம். நகரத்திலிருந்து 80 கிலோமீட்டர். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் நினைவிடம், 1998ல் திறந்தது. நுழைவும் காதில் மாட்டும் ஒலி வழிகாட்டியும் இலவசம். நாலு மணிக்கு மூடிவிடுவார்கள், கணக்குப் போட்டுப் போங்கள். படியிறங்கிப் போனால் பாறையை நெட்டுக்குத்தாகப் பிளந்த சந்து. 25 மீட்டர் ஆழம் என்று படித்துவிட்டுத்தான் போனேன், கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது அந்த எண் மறந்துபோனது. ஒருவன் உளியைப் பிடிக்க, ஒருவன் சம்மட்டியால் அடித்துத் துளை போட்டு, வெடி வைத்து, கல்லைக் கையால் அள்ளியிருக்கிறார்கள். உடைந்த உளி ஒன்று இன்னும் பாறையில் செருகியபடி இருக்கிறது. 1943 ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து, இரவில் பந்தம் கொளுத்தியும் வேலை. அந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக நின்ற மனிதர்களைப் பார்த்துத்தான் நரகத்தீ என்று பெயர் வைத்தார்களாம்.

கடைசியில் பாலம், அந்தப் பிரபலமான குவே ஆற்று ரயில் பாலம். இருட்டும் நேரம். ஐஸ்கிரீம் கடை, டி-சர்ட், மிதக்கும் உணவகத்தில் கரோக்கே. எனக்கு ஒட்டவில்லை. ஏழு மணி மினிவேனில் ஏறி, பத்து மணிக்கு அறைக்கு வந்தேன்.

ஒரே உறுத்தல். தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்த இடம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நாள் முழுக்கச் சுற்றியும் தமிழில் ஓர் எழுத்து கண்ணில் படவில்லை.

---

அடுக்களைப்பூனை எழுதியது:

அருமையான பதிவு. இரண்டு பிள்ளைகள், 9 வயதும் 5 வயதும். ஹெல்ஃபயர் படிகள் சின்னவனுக்கு ஒத்துவருமா? சைவச் சாப்பாடு?

---

பயணப்பை எழுதியது:

இறங்குவது சரி, ஏறும்போது அவனை நீங்கள்தான் தூக்குவீர்கள். சாப்பாட்டுக்கு "ஜே" என்று கேளுங்கள், சுத்த சைவம் என்று புரியும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடைகள் அதுதான். "சைவம்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் மீன்சாறு ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அன்று மதியம் அதுதான் நடந்தது.

---

ரயில்கிறுக்கன் எழுதியது:

காஞ்சனபுரியில் இறங்கியது பெரிய நஷ்டம் அண்ணே. அதே வண்டியில் கடைசி வரை, நாம் தொக் வரை போயிருக்க வேண்டும். வழியில் தாம் கிராசே என்ற இடத்தில் ஒரு பக்கம் மலைச்சுவர், ஒரு பக்கம் குவே நொய் ஆறு, நடுவே மரத்தூண்களின் மேல் தண்டவாளம். வண்டி ஊர்ந்துதான் போகும். கையை நீட்டினால் பாறை தட்டும், நீட்டாதீர்கள்.

மொத்தப் பாதை 415 கிலோமீட்டர், தாய்லாந்தின் பான் போங் பக்கமிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை, மீட்டர் கேஜ். 1942 நடுவில் இரண்டு முனையிலிருந்தும் தொடங்கி 1943 அக்டோபர் 17 அன்று நடுவில் சேர்த்துவிட்டார்கள். அவசரத்துக்குக் காரணம் கடல். மிட்வே சண்டைக்குப் பிறகு மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குக் கப்பல் அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாகிவிட்டது, பர்மாவில் இருந்த படைக்கு அரிசியும் குண்டும் போக வேறு வழி வேண்டும். இம்பால், கோஹிமா என்று 1944ல் இந்திய எல்லைக்கு வந்த படைக்குப் பின்னால் இருந்த ரயில் இதுதான்.

போருக்குப் பிறகு தாய்லாந்து இந்தப் பாதையை பிரிட்டிஷாரிடம் விலைக்கு வாங்கியது. எல்லைப் பக்கத்துத் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். இன்று ஓடுவது நாம் தொக் வரை 130 கிலோமீட்டர் மட்டும்.

பாலத்தை நன்றாகப் பார்த்தீர்களா? வளைந்த தலை கொண்ட இரும்புச் சட்டங்கள்தான் பழையவை, ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது. நடுவே கோண வடிவில் இரண்டு இருக்கும். அவை குண்டுவீச்சில் விழுந்ததற்குப் பதிலாகப் போருக்குப் பின் போட்டவை.

---

நாரைக்கால் எழுதியது:

அந்தப் பாலத்தைப் பிரபலமாக்கின ஹாலிவுட் படம், "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்", தாய்லாந்தில் எடுத்ததே இல்லை. எங்கட நாட்டில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல் மரப்பாலம் கட்டி உண்மையான ரயிலை விட்டு வெடிக்க வைத்தார்கள். 1957ல் படம் வந்தது. ஆற்றங்கரையில் சீமெந்து அடித்தளம் இப்பவும் கிடக்கிறது, வழிகாட்டிப் பெடியன்கள் காட்டுவார்கள்.

இன்னொரு விசித்திரம். உண்மையான பாலம் நின்றது மே க்லோங் ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் "குவே ஆறு எங்கே" என்று கேட்கத் தொடங்கினதால் அறுபதுகளில் அந்தத் துண்டு ஆற்றின் பெயரையே குவே யாய் என்று மாற்றிவிட்டார்கள். படத்தில் பாலம் கட்டும் கைதிகள் எல்லாரும் வெள்ளைக்காரர். தமிழ்க் கூலி ஒருவரும் இல்லை.

---

கிள்ளான்வாசி எழுதியது:

பயணப்பை, கோபப்படாதீர்கள். தமிழ் எழுத்து கண்ணில் படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது இருந்த இடத்துக்கு நீங்கள் போகவில்லை.

யுத்தக் கல்லறைத் தோட்டத்தின் பக்கத்திலேயே சீனர்களின் கல்லறைகள் இருக்கும். அந்தப் பக்கம் பொடிநடை போட்டால் வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயில், வியட்நாமிய மரபு பௌத்தம். போருக்குப் பிறகு தோண்டி எடுத்த தொழிலாளர்களின் எலும்புகளை அங்கேதான் ஒன்றாகப் புதைத்தார்கள். 2023ல் தாய்லாந்துத் தமிழர்களும் மலேசியத் தமிழர்களும் சேர்ந்து அங்கே ஒரு நடுகல் எழுப்பினார்கள். பெயரே நடுகல்தான்.

இன்னொன்று பாலத்துக்குப் பக்கத்தில். ஜப்பான் ராணுவம் 1944ல் தானே கட்டிய நினைவுத்தூண். இறந்தவர்களின் மொழிகளில் வாசகம் வைத்திருக்கிறார்கள், தமிழும் உண்டு. கொன்றவன் நம் மொழியில் எழுதிவைத்தான், வெற்றி பெற்றவன் எழுதவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

என் சின்னத்தாத்தா, அதாவது தாத்தாவின் தம்பி, 1943ல் சிலாங்கூரில் ஒரு தோட்டத்திலிருந்து போனவர். அப்போது ரப்பருக்கு வாங்க ஆள் இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்), சாப்பாடு இலவசம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் அதை நம்பிப் போனார்கள், குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. திரும்பி வந்தவன் யாருமில்லை என்று தெரிந்ததும் ஆள் கிடைக்கவில்லை. அப்புறம் கிராணியும் (தோட்டத்துக் கணக்கர்) கங்காணியும் பட்டியல் போட்டார்கள். இலவசப் படம் என்று கூப்பிட்டுக் கொட்டகையைப் பூட்டி லாரியில் ஏற்றிய கதை எங்கள் பக்கம் ஒவ்வொரு கிழவியும் சொல்வாள்.

சின்னத்தாத்தா எந்த முகாமில் இறந்தார், எந்த மாதம், எதுவும் தெரியாது. சின்னப்பாட்டி 1970கள் வரை பொட்டு அழிக்கவில்லை. சாகும் வரை அவருக்குத் திதி கொடுக்கவும் விடவில்லை. செத்த நாள் தெரியாமல் எப்படித் திதி கொடுப்பது? அவள் போன பிறகுதான் மகாளய அமாவாசையில் என் அப்பா கொடுக்க ஆரம்பித்தார். நீங்கள் தகட்டில் தேதியும் வயதும் படித்ததாக எழுதினீர்களே, எனக்கு அந்த வரிதான் தைத்தது. அந்தப் பையன்களின் அம்மாக்களுக்கு ஒரு தேதியாவது கிடைத்தது.

---

பயணப்பை எழுதியது:

அந்தக் கோயில் மதிலை ஒட்டித்தான் கார் போயிருக்கும். ஐம்பது நிமிடத்தில் அருங்காட்சியகத்தை முடித்துவிட்டு ஓடினேன் என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறேன். இங்கே இன்னும் ஐந்து வாரம் இருப்பேன். மறுபடி போகிறேன்.

---

எண்சரி எழுதியது:

உணர்ச்சியைக் குறைக்க வரவில்லை, ஆனால் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த விஷயம் பேசும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் "ஒன்றரை லட்சம் தமிழர் பலி" என்று ஒரு படம் சுற்றும். போர்க்கைதிகள் 60,000க்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல், இது கிட்டத்தட்ட உறுதி. ஆசியத் தொழிலாளர்கள், அதாவது தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர், சீனர் எல்லாரும் சேர்ந்து இரண்டு லட்சம் அளவில், இறந்தவர்கள் 90,000 என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் போருக்குப் பின் பிரிட்டிஷார் எடுத்த கணக்கில் சுமார் 78,000 பேர், பெரும்பாலும் தமிழர். போனதே அவ்வளவு என்றால் ஒன்றரை லட்சம் செத்திருக்க முடியாது.

அதே கணக்கில் இறந்தவர்கள் சுமார் 30,000. "ஓடிப்போனவர்" என்று இன்னும் இருபதாயிரத்துக்கு மேல்.

---

கிள்ளான்வாசி எழுதியது:

அந்த "ஓடிப்போனவர்" என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். காலராவும் மலேரியாவும் பிடித்தவன், பாஷை தெரியாத காட்டில், ஓடி எங்கே போவான்? வீடு வந்து சேர்ந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. மற்றவர்கள் எங்கே?

---

எண்சரி எழுதியது:

சரிதான். அதனால்தான் 30,000 என்பதைக் கீழ்வரம்பாக எடுக்க வேண்டும் என்பேன். மேல்வரம்பு 78,000ஐத் தாண்டாது என்று மட்டும்தான் சொல்கிறேன். பெரிய எண்ணைச் சொன்னால் மரியாதை கூடும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஒரு தப்பான எண்ணை எவனாவது பிடித்துவிட்டால் மொத்தமும் கட்டுக்கதை ஆகிவிடும்.

---

வெயில்நிழல் எழுதியது:

எண் ஒரு பக்கம் இருக்கட்டும். வெள்ளைக்காரனுக்குப் புல்வெளி, நம்மாளுக்கு ஒன்றுமில்லை, இது அப்பட்டமான நிறவெறி இல்லையா? இதைச் சுற்றி வளைத்துப் பேச என்ன இருக்கிறது?

---

ரயில்கிறுக்கன் எழுதியது:

முழுக்க அப்படி இல்லை என்பது என் எண்ணம். ராணுவத்துக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. முகாமில் ஒருவன் செத்தால் அவன் அதிகாரி எங்கே புதைத்தோம் என்று ஒளித்து எழுதிவைத்தான். போர் முடிந்த சில வாரங்களில் ஒரு குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போய்ப் பத்தாயிரத்துக்கு மேல் புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. அதைத்தான் பின்னால் காஞ்சனபுரி, சுங்காய், தான்பியூசயாட் என்று மூன்று இடத்தில் சேர்த்தார்கள். தொழிலாளர் முகாமில் எழுத அதிகாரி யார், மருத்துவர் யார், பாத்திரம் கொதிக்க வைக்கச் சொல்லிக் கொடுக்க யார்? காலரா வந்ததும் அங்கே முகாம் முகாமாக விழுந்ததற்கும் அதுதான் காரணம். 1943 நடுவில் போர்க்கைதி மருத்துவர்களையும் மருத்துவ உதவியாளர்களையும் பிரித்து கே படை, எல் படை என்று பெயரிட்டுத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். சில நூறு பேர்தான். அதற்குள் ஏராளமானோர் போயிருந்தார்கள்.

---

கிள்ளான்வாசி எழுதியது:

தோட்டத்திலும் பட்டியல் இருந்தது, நண்பரே. செக்ரோல் என்று தினம் காலையில் பெயர் கூப்பிட்டுக் குறிப்பார்கள். எத்தனை பேர் ரப்பர் பால் வெட்டினார்கள், எவன் வேலைக்கு வரவில்லை, எல்லாம் இருந்தது. போரில் ஜெயித்து வந்த துரைமாருக்கு அதை எடுத்து எத்தனை பேர் குறைகிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை. காகிதம் இல்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

---

ரயில்கிறுக்கன் எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி.

---

நாரைக்கால் எழுதியது:

ஆற்றங்கரையில் மூங்கில் கொட்டில் மாதிரி இன்னொரு அருங்காட்சியகம் உண்டு, ஜீத் (JEATH) என்று. 1977ல் ஒரு விகாரையின் பிக்கு தொடங்கினது. ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும், தாய்லாந்து, ஹாலந்து, இவற்றின் ஆங்கில முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். மலாயா, இந்தியா, பர்மா எதற்கும் அதில் எழுத்து இல்லை. பிக்குவைக் குறை சொல்லவில்லை, வாயில் நுழைகிற பெயராக வேண்டும். ஆனாலும் கிள்ளான்வாசி சொன்னதைப் படித்ததும் ஞாபகம் வந்தது.

---

அடுக்களைப்பூனை எழுதியது:

இவ்வளவும் படித்தபின் பிள்ளைகளைக் கூட்டிப்போவதா என்று யோசனையாக இருக்கிறது. பெரியவள் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

---

எண்சரி எழுதியது:

கூட்டிப்போங்கள். அவளுக்கு ஹெல்ஃபயரைவிடப் பான் காவ் பிடிக்கும். டச்சுக் கைதி ஒருவர், வான் ஹீக்கரன், தொல்லியல்காரர். தண்டவாளம் போட மண் வெட்டும்போது கற்கால ஆயுதங்களைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். உயிர் பிழைத்தார். 1960களின் தொடக்கத்தில் தாய்-டேனிஷ் அகழாய்வுக் குழுவில் வேலை பார்க்கத் திரும்பி வந்தார். புதிய கற்காலப் புதைகுழிகள் கிடைத்தன, பான் காவில் அருங்காட்சியகம் இருக்கிறது. முவாங் சிங் போகும் பக்கம்தான், கார் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

---

வெயில்நிழல் எழுதியது:

பாலத்தில் செல்ஃபி எடுப்பவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. வருடா வருடம் நவம்பர் கடைசியில் ஒலி-ஒளிக் காட்சி வைத்துக் குண்டுவீச்சையே நடித்துக் காட்டுகிறார்கள். இதெல்லாம் நியாயமா?

---

ரயில்கிறுக்கன் எழுதியது:

அது ஊர்க்காரர்கள் நடக்கிற பாலம், ரயிலும் தினம் போகிறது. ஐஸ்கிரீம் விற்பவருக்கும் வயிறு இருக்கிறது. நம்மூர்க் கோட்டைகளில் நாம் என்ன செய்கிறோம்? கல்லறைத் தோட்டத்தில் யாரும் குதித்துப் படம் எடுப்பதை நான் பார்த்ததில்லை.

---

பயணப்பை எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். நேற்று மறுபடி போனேன், இந்த முறை கார் இல்லை, அவசரமும் இல்லை.

கல்லறைத் தோட்டத்தின் பக்கம் இறங்கி நடந்தேன். கோயிலில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "தமிழ்" என்றேன், புரியவில்லை. "இந்தியா, ரயில்" என்று கையைக் காட்டினேன், உடனே எழுந்து வந்து கூட்டிப்போனார். முன்பே பலர் கேட்டிருக்க வேண்டும்.

கிள்ளான்வாசி தனிமடலில் ஒரு பெயர் அனுப்பியிருந்தார். நடுகல் முன்னால் நின்று அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை, இரண்டாவது தடவை சரியாகச் சொன்னேன். வெற்றிலை கிடைக்கவில்லை, கடையில் இருந்த செவ்வந்திச் சரம்தான் வைத்தேன். அந்தப் பெண் தானாகப் போய் ஊதுபத்தி எடுத்து வந்து கொடுத்தார்.

அப்புறம் ஜப்பான்காரர் நினைவுத்தூண். முதல் முறை அதைத் தாண்டித்தான் பாலத்துக்குப் போயிருக்கிறேன். தமிழ் இருக்கிறது.

அடுத்து அருங்காட்சியகம், இரண்டரை மணி நேரம். மேல்மாடியில் காப்பி குடிக்கலாம், அங்கிருந்து கல்லறைத் தோட்டம் முழுசும் தெரியும். தோட்டக்காரர் ஒருவர் ஒவ்வொரு தகடாகத் துடைத்துக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

கிள்ளான்வாசி எழுதியது:

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எந்தக் கிழமை போனீர்கள் என்று கேட்டார். குறித்து வைத்துக்கொள்கிறாராம்.

---

பயணப்பை எழுதியது:

சனிக்கிழமை. காலை பதினொன்றரை இருக்கும்.

---

அடுக்களைப்பூனை எழுதியது:

சனிக்கிழமை ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா? நாங்கள் அடுத்த மாதம் போகிறோம், நாலு பேர்.

---

ரயில்கிறுக்கன் எழுதியது:

தொன்புரியிலேயே ஏறினால் கிடைக்கும். பாலத்தில் சுற்றுலாக் கூட்டம் ஏறும், அதற்கு முன்பே ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். நாம் தொக் போகும்போது இடது பக்கம் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான்.